ஒளிபரப்பும் அரசும் – 11: அரங்கில் இருப்பவர் எந்தக் கட்சி?

'க்யூ அண்ட் ஏ' என்ற விவாத நிகழ்ச்சி ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகமான ஏபிசியின் தொலைக்காட்சியில் 2008 மே 22 அன்று தொடங்கியது. முதல் நாள் விருந்தினர் ஒருவர்தான்: ஆறு மாதத்துக்கு முன் தேர்தலில் வென்றிருந்த தொழிற்கட்சிப் பிரதமர் கெவின் ரட். கேள்வி கேட்டவர்கள் பத்திரிகையாளர்கள் அல்லர், அரங்கில் உட்கார்ந்திருந்த பொதுமக்கள். கேள்விகளை வரிசைப்படுத்துவதும் நழுவும் பதிலை இழுத்துப் பிடிப்பதும் நெறியாளர் டோனி ஜோன்ஸின் வேலை. பிரிட்டனில் பிபிசி 1979-லிருந்து நடத்திவரும் 'கொஸ்டியன் டைம்' நிகழ்ச்சியின் வார்ப்பில் அமைந்த இது, 2025 வரை ஓடியது. மக்கள் பணத்தில் நடக்கும் விவாத மேடை ஒருதலைப்பட்சமானதா என்ற கேள்வி அந்த நாட்டில் எழுந்தபோதெல்லாம் பெரும்பாலும் இந்த நிகழ்ச்சியைச் சுட்டியே எழுந்தது.

பணத்தின் கதை முதலில். 1932-ல் வானொலியாகத் தொடங்கிய ஏபிசிக்கு, வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் கட்டிய உரிமக் கட்டணம்தான் ஆரம்பகால ஆதாரம். 1956-ல் தொலைக்காட்சியும் வந்து சேர்ந்தது. உரிமக் கட்டணத்தை 1974-ல் பிரதமர் விட்லமின் அரசு ஒழித்தபின், நிறுவனம் அரசின் பட்ஜெட் ஒதுக்கீட்டை நம்பியே நடந்துவருகிறது. 1980-களின் பிற்பகுதியில் நிர்வாக இயக்குநராக இருந்த டேவிட் ஹில், ஒதுக்கீட்டைக் காப்பாற்ற ஒரு பிரசாரம் நடத்தினார். குடிமகன் ஒருவருக்கு ஏபிசியால் ஆகும் செலவு நாளொன்றுக்கு 8 சென்ட்தான் என்பது அதன் சாரம். முழக்கம் ஊரெங்கும் பரவியது. ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. எட்டு சென்ட் கொடுப்பவர் தன் கருத்துக்கும் அங்கே இடம் உண்டா என்று கணக்குக் கேட்பார். தனியார் சேனல் பிடிக்காவிட்டால் அதை அணைத்துவிட்டுப் போகலாம், வரியை அப்படி அணைக்க வழியில்லை.

சட்டமும் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்கிறது. 1983-ம் ஆண்டின் ஏபிசி சட்டம், எட்டாவது பிரிவில், செய்தியும் தகவலும் துல்லியமாகவும் நடுநிலையாகவும் தரப்படுவதை உறுதிசெய்யும் கடமையை இயக்குநர் குழுவின் மேல் வைத்தது. அளவுகோல், புறநிலை இதழியலின் ஏற்கப்பட்ட நெறிகள். செய்தி அறிக்கைக்கு இது பொருந்தும். ஐந்து பேர் தங்கள் கருத்தைச் சொல்லவே உட்கார்ந்திருக்கும் மேடைக்கு எப்படிப் பொருந்தும்? 2006-ல் நிர்வாக இயக்குநராக வந்த மார்க் ஸ்காட் அந்த ஆண்டே கொண்டுவந்த புதிய ஆசிரியர் கொள்கைகள் இதற்கு விடை தேடின. கருத்து நிகழ்ச்சிகளில் தனிநபர் நடுநிலையாக இருக்க வேண்டியதில்லை. பல தரப்புக் கருத்துகளுக்கும் மொத்தத்தில் இடம் கிடைத்தால் போதும். கேட்பதற்கு எளிய விதிதான். ஆனால் நடுநிலை என்ற குணத்தை அது எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றாக மாற்றிவிட்டது. யார் பேசினார், எத்தனை பேர் பேசினர், எவ்வளவு நேரம் பேசினர் என்று எவரும் எண்ணலாம். பிறகு வந்த சண்டைகள் எல்லாம் இந்த எண்ணிக்கையைச் சுற்றியவைதான்.

அதற்கு முந்தைய சண்டைகள் வேறு மாதிரியானவை. 1967-ல் தொடங்கிய 'திஸ் டே டுநைட்' அமைச்சர்களைக் கூச்சமின்றி விசாரித்த நடப்புச் செய்தி நிகழ்ச்சி. 1970-ல் அஞ்சல்துறை அமைச்சர் ஆலன் ஹியூம் ஏபிசியின் செலவைக் குறைக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். அந்த வெட்டு நடப்புச் செய்தி நிகழ்ச்சிகள் மேலும் விழ வேண்டும் என்பது அவர் விருப்பம். ஏபிசி தலைவர் சர் ராபர்ட் மாட்விக் இணங்கவில்லை, அரசு பின்வாங்கியது. ஹியூம் லிபரல் கட்சிக்காரர் என்பதால் வலதுசாரிகளுக்கு மட்டுமே ஏபிசி மேல் கோபம் என்று நினைத்துவிடக் கூடாது. 1991 வளைகுடாப் போரின்போது, ஏபிசி அழைத்துவந்த மத்திய கிழக்கு நிபுணரின் விளக்கங்கள் ஒருபக்கமானவை என்று வெளிப்படையாகச் சாடியவர் தொழிற்கட்சிப் பிரதமர் பாப் ஹாக். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கோபம் வருகிறது. போர்க்காலத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது.

2003 ஈராக் போர் அதற்கு இன்னொரு சான்று. பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசில் தகவல்தொடர்பு அமைச்சராக இருந்த ரிச்சர்ட் ஆல்ஸ்டன், 'ஏஎம்' என்ற காலை வானொலி நிகழ்ச்சியில் அமெரிக்க எதிர்ப்பு மனப்போக்கு தெரிந்ததாக 68 புகார்களை வரிசையிட்டு அனுப்பினார். ஏபிசியின் உள்விசாரணை அவற்றில் 2-ஐ ஏற்றது. வெளியார் அடங்கிய மறுஆய்வுக் குழு 17-ஐ ஏற்றது. ஒரே ஒலிப்பதிவைக் கேட்ட இரு தரப்பினருக்கும் இடையே இவ்வளவு இடைவெளி. அங்கேயும் விவாதம் செய்தியாளர் சொன்ன சொல்லைப் பற்றியது, ஒரு வாக்கியத்தின் தொனி பற்றியது. 'க்யூ அண்ட் ஏ' வந்தபின்தான் கவனம் சொல்லிலிருந்து இருக்கைக்கு நகர்ந்தது.

வழக்கமான குழுவில் ஐந்து பேர். ஆளுங்கட்சியிலிருந்து ஒருவர், எதிர்க்கட்சியிலிருந்து ஒருவர். மீதி மூன்று இடத்துக்கு எழுத்தாளர், பேராசிரியர், தொழிலதிபர், நகைச்சுவையாளர், சிந்தனைக் கழகத்தைச் சேர்ந்தவர் என்று யாராவது. நம் ஊர்ப் பட்டிமன்றத்தில் யார் எந்த அணி என்பது இருக்கையைப் பார்த்தாலே தெரியும். இங்கே இரண்டு அரசியல்வாதிகளின் அணி மட்டும்தான் தெரியும். மற்ற மூவரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதிலேயே தகராறு தொடங்கிவிடும். காலநிலை மாற்றம் பற்றிப் பேசும் விஞ்ஞானி நடுநிலையா, இடதுசாரியா? அகதிகளுக்காக வாதாடும் வழக்கறிஞர்? நெறியாளரையும் ஒரு ஆளாகக் கணக்கில் சேர்த்து, பழமைவாதி ஒருவருக்கு எதிராக நால்வர் என்று எழுதிய பத்தியாளர்கள் உண்டு. ஏபிசியின் முக்கிய நிகழ்ச்சி எதிலும் பழமைவாத நெறியாளரோ தயாரிப்பாளரோ இல்லை என்பது பத்தியாளர் ஜெரார்ட் ஹெண்டர்சன் ஆண்டுக்கணக்கில் விடாமல் முன்வைத்த வாதம். மறுபக்கத்தினரும் சும்மா இருக்கவில்லை. சந்தைப் பொருளாதாரத்தை ஆதரிக்கும் 'பொது விவகார நிறுவனம்' என்ற சிந்தனைக் கழகத்தின் ஆட்களுக்கு அளவுக்கு மீறி இடம் தரப்படுகிறது என்றும், அதன் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்வையாளருக்குச் சொல்வதில்லை என்றும் அவர்கள் குறைபட்டார்கள்.

பார்வையாளர் அரங்கு இதைவிடச் சிக்கலானது. அனுமதி கேட்பவர்கள் முன்கூட்டியே பதிவுசெய்து, எந்தக் கட்சிக்கு வாக்களிக்கும் எண்ணம் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த விவரத்தை வைத்து அரங்கை ஓரளவு சமன்செய்து, கூட்டணிக்கு இத்தனை சதவீதம், தொழிற்கட்சிக்கு இத்தனை, பசுமைக் கட்சிக்கு இத்தனை என்று திரையிலும் காட்டினார்கள். உலகில் வேறு எந்தப் பொது ஒளிபரப்பாளரும் தன் நேர்மையை இவ்வளவு பட்டவர்த்தனமாகத் திரையில் எழுதிக் காட்டியிருக்க மாட்டார். பலன் நேர்மாறாக இருந்தது. லிபரல்–நேஷனல் கூட்டணியின் சதவீதத்தைத் தொழிற்கட்சியோடு மட்டும் ஒப்பிடுவதா, பசுமைக் கட்சியையும் சேர்த்துக் கூட்டுவதா? கூட்டினால் அரங்கு இடப்பக்கம் சாய்கிறது. கூட்டாவிட்டால் சமமாக இருக்கிறது. பதிவுசெய்யும்போது ஒருவர் பொய் சொன்னால் கண்டுபிடிக்க வழியில்லை. கைதட்டலுக்கோ சதவீதம் கிடையாது. பத்துப் பேர் உரக்கத் தட்டினால் நாற்பது பேர் தட்டியது போலக் கேட்கும். சந்தேகத்தைத் தீர்க்கப் போட்ட எண்கள் வாராவாரம் புதிய சந்தேகத்துக்குத் தீனியாயின. திரையின் அடியில் ஓடிய ட்விட்டர் பதிவுகளும் இதே வரிசைதான். ஆயிரக்கணக்கில் வருவதிலிருந்து சிலவற்றை ஒருவர் பொறுக்கிப் போடுகிறார் என்றால், பொறுக்குபவர் யார் என்ற கேள்வி வராமல் இராது.

எண்ணும் மோகம் ஊழியர்கள் வரை போனது. 2013-ல் சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஃபோல்கர் ஹனுஷ் நாடு முழுவதும் பத்திரிகையாளர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், வாக்கு விருப்பத்தைச் சொன்ன ஏபிசி ஊழியர்களில் 41 சதவீதத்தினர் பசுமைக் கட்சி என்றனர். தொழிற்கட்சி என்றவர்கள் 32 சதவீதம், கூட்டணி என்றவர்கள் 15 சதவீதத்துக்கும் குறைவு. இந்த எண்கள் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகின்றன. விடை சொன்ன ஏபிசி ஊழியர்கள் மொத்தம் 34 பேர்தான் என்பது அந்த மேற்கோள்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும்.

இவ்வளவுக்கும் நடுவில் நிகழ்ச்சி செல்வாக்கோடு இருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். 2010 தேர்தலின்போது பிரதமர் ஜூலியா கில்லார்டும் எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட்டும் ஆளுக்கொரு வாரம் தனியாக வந்து பார்வையாளர் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். 2012 ஏப்ரலில் கர்தினால் ஜார்ஜ் பெல்லும் நாத்திக விஞ்ஞானி ரிச்சர்ட் டாக்கின்ஸும் கடவுளைப் பற்றி ஒரு மணி நேரம் மோதினார்கள். 2010 அக்டோபரில் வந்த முன்னாள் பிரதமர் ஜான் ஹோவர்டுக்கு வேறு அனுபவம். ஈராக் போர் பற்றிய பேச்சின்போது பார்வையாளர் ஒருவர் எழுந்து தன் இரு காலணிகளையும் கழற்றி அவரை நோக்கி எறிந்தார். இரண்டும் படவில்லை. அதே நிகழ்ச்சியில், குவான்டனாமோ சிறையில் ஐந்தாண்டுக்கு மேல் இருந்த டேவிட் ஹிக்ஸ் காணொளி வழியாக ஹோவர்டிடம் கேள்வி கேட்டார். இப்படியெல்லாம் கேட்க முடிகிற நாடாக இருப்பது நல்லது என்ற தொனியில் ஹோவர்ட் பதில் சொல்லிக் கடந்தார். தன் ஆட்சியில் ஏபிசி இயக்குநர் குழுவுக்கு ஜேனட் ஆல்பிரெக்ட்சன், கீத் விண்ட்ஷட்டில் போன்ற, ஏபிசியைக் கடுமையாக விமர்சித்தவர்களையே நியமித்த பிரதமர் அவர். மேடையில் மட்டும் நிதானம் இழக்கவில்லை.

அபாட்டின் போக்கு வேறு. 2013 தேர்தலுக்கு முந்தைய நாள், ஏபிசிக்கு வெட்டு கிடையாது என்று தொலைக்காட்சியில் வாக்குறுதி தந்தார். பிரதமரான பின், 2014 ஜனவரியில், ஆஸ்திரேலியாவைத் தவிர மற்ற எல்லோர் பக்கமும் ஏபிசி இயல்பாகவே சாய்கிறது என்றார். ஆஸ்திரேலிய உளவுத்துறை இந்தோனேசிய அதிபரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்ட செய்தியை ஏபிசி சில வாரங்களுக்கு முன்புதான் வெளியிட்டிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஐந்தாண்டுக்கு 25.4 கோடி டாலர் வெட்டு அறிவிக்கப்பட்டது.

இந்தப் பின்னணியில்தான் 2015 ஜூன் 22 வந்தது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் பயங்கரவாதத்தில் ஈடுபட்டால் ஆஸ்திரேலியக் குடியுரிமையைப் பறிக்கும் சட்டத்தை அரசு தயாரித்துக்கொண்டிருந்தது. அந்த முடிவை எடுப்பது நீதிமன்றமா, அமைச்சரா என்பதே அப்போதைய விவாதம். அரங்கிலிருந்து கேள்வி கேட்டவர் ஸாக்கி மல்லா. 2003-ல் புதிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானவர். 2005-ல் பயங்கரவாதக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டு, உளவுத்துறை அதிகாரிகளை மிரட்டியதை ஒப்புக்கொண்டதற்காகத் தண்டனை பெற்றவர். என் வழக்கை நீதிமன்றத்துக்குப் பதில் அமைச்சர் முடிவுசெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவர் கேள்வி. தயாரிப்பாளர்கள் முன்பே பார்த்து அனுமதித்த கேள்வி, அன்றைய விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்திய கேள்வியும்கூட. வெளியுறவு அமைச்சரின் நாடாளுமன்றச் செயலர் ஸ்டீவன் சியோபோ, அவரை நாட்டைவிட்டு அனுப்பும் அரசில் இருப்பதில் தனக்கு மகிழ்ச்சியே என்ற பொருளில் பதில் தந்தார். மல்லா திருப்பிச் சொன்னதுதான் வினையாயிற்று: முஸ்லிம்கள் பலர் சிரியாவுக்குப் போய் ஐஎஸ் அமைப்பில் சேர்வதை இப்படிப் பேசும் அமைச்சர்களே நியாயப்படுத்திவிட்டார்கள் என்றார். ஜோன்ஸ் உடனே அதைக் கண்டித்து அடுத்த பேச்சுக்கு நகர்ந்தார். ஆனால் நிகழ்ச்சி நேரலையில் போய்க்கொண்டிருந்தது.

மறுநாளே ஏபிசியின் தொலைக்காட்சிப் பிரிவு இயக்குநர், மல்லாவை நேரலையில் அனுமதித்தது கணிப்புப் பிழை என்று ஒப்புக்கொண்டார். அபாட்டுக்கு அது போதவில்லை. ஏபிசி யார் பக்கம் நிற்கிறது என்று கேட்டார். சில தலைகள் உருள வேண்டும் என்றார். தன் கட்சி உறுப்பினர் கூட்டத்தில் இந்த நிகழ்ச்சியை இடதுசாரிக் கும்பல் என்று வர்ணித்ததாகச் செய்தி வந்தது. நிகழ்ச்சி வழக்கம்போல அந்த வாரமே மறுஒளிபரப்பானது கோபத்தைக் கூட்டியது. ஏபிசியின் போட்டியாளரான மர்டாக் நிறுவனத்தின் நாளிதழ்கள் பல நாள் முதல் பக்கத்தை இதற்கே ஒதுக்கின. தகவல்தொடர்பு அமைச்சர் மால்கம் டர்ன்புல்லின் துறை தனியாக ஒரு விசாரணை நடத்தியது. அவர் அழுத்திக் கேட்டது நடுநிலையைப் பற்றியல்ல, அரங்கில் இருந்தவர்களின் உடல் பாதுகாப்பைப் பற்றி. இதே மல்லா இரண்டு பெண் பத்தியாளர்களைப் பற்றி முன்பு ட்விட்டரில் எழுதியிருந்த ஆபாசப் பதிவும் வெளியே வந்தது. ஏபிசி தற்காத்துக்கொள்ள முடியாத இடம் அதுதான். நிகழ்ச்சியின் தலைமைத் தயாரிப்பாளருக்கு இயக்குநர் குழு எச்சரிக்கை விடுத்தது.

ஜூன் 25 அன்று மெல்போர்னில் பேசிய மார்க் ஸ்காட், பிரதமரின் கேள்விக்கு நேரடியாகப் பதில் தந்தார். ஏபிசி ஆஸ்திரேலியாவின் பக்கம்தான். ஆனால் அரசின் ஒளிபரப்பாளர் வேறு, மக்களின் ஒளிபரப்பாளர் வேறு. அரசின் தகவலை எடுத்துச்செல்வது முன்னதன் வேலை, அந்த வேலை ஏபிசிக்கு இல்லை என்பதே உரையின் மையம். அதே உரையில் மல்லாவை அனுமதித்தது தவறு என்பதையும் அவர் மறுக்கவில்லை.

அடுத்துப் பிரதமர் எடுத்தது வேறு வகை ஆயுதம்: வராமல் இருப்பது. ஜூலை 6 நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொண்டிருந்த விவசாய அமைச்சர் பார்னபி ஜாய்ஸ் முந்தைய நாள் விலகினார். அமைச்சர்கள் யாரும் போகக் கூடாது என்ற தடை என்று பிறகு தெளிவாயிற்று. மறுவாரம் வரவிருந்த டர்ன்புல்லும் வரவில்லை. தடையின் விளைவு விசித்திரமானது. குழுவில் பழமைவாதிகளின் குரல் குறைவு என்பதே முன்பு புகார். இப்போது அரசே தன் குரலை விலக்கிக்கொண்டது. நிகழ்ச்சி நிற்கவில்லை, சமநிலைதான் போனது. ஆகஸ்டில் தடை நீங்கியது. அதற்கு வழிசெய்தது ஒரு நிர்வாக மாற்றம்: நிகழ்ச்சியைத் தொலைக்காட்சிப் பிரிவிலிருந்து எடுத்துச் செய்திப் பிரிவின் கீழ் கொண்டுவருவதாக ஏபிசி தலைவர் ஜேம்ஸ் ஸ்பிகெல்மன் அரசுக்குத் தெரிவித்தார். இத்தனை ஆரவாரத்துக்குப் பிறகு கைக்குக் கிடைத்தது, ஒரு நிகழ்ச்சி எந்த அதிகாரிக்குக் கீழே வருகிறது என்ற மாற்றம். ஆனால் அது அற்பமானதல்ல. விவாத மேடை பொழுதுபோக்கோடு சேர்ந்ததா, இதழியலோடு சேர்ந்ததா என்று 1983 சட்டம் சொல்லாமல் விட்டிருந்ததற்கு அந்த மாற்றம் ஒரு விடை எழுதியது. செப்டம்பரில் கட்சிக்குள் நடந்த வாக்கெடுப்பில் அபாட்டைத் தோற்கடித்து டர்ன்புல் பிரதமரானார்.

இயக்குநர் குழு அமர்த்திய வெளியார் ஆய்வு அந்த ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. மூத்த தொலைக்காட்சியாளர் ரே மார்ட்டினும் நாட்டின் இன்னொரு பொது ஒளிபரப்பாளரான எஸ்பிஎஸ் நிறுவனத்தின் முன்னாள் நிர்வாக இயக்குநர் ஷான் பிரவுனும் அந்த ஆண்டின் 23 நிகழ்ச்சிகளை முழுதாகப் பார்த்தார்கள். நிகழ்ச்சி மொத்தத்தில் பொறுப்போடும் தொழில்நேர்த்தியோடும் நடத்தப்படுகிறது என்று முடிவுசெய்தார்கள். அவர்கள் சுட்டிய பெரிய குறை, கட்சிச் சண்டையில் யாரும் கவனிக்காத ஒன்று: குழுவில் பெண்கள் குறைவு, வந்த பெண்களுக்கும் பேசக் கிடைத்தது குறைவு. சிட்னிவாசிகளின் ஆதிக்கம் இன்னொரு குறை. நாடு முழுவதும் வரி கட்டி நடத்தும் மேடையில் ஒரே நகரம் உட்கார்ந்து பேசுகிறது என்பது இடம்–வலம் என்ற அளவுகோலில் அகப்படாத சாய்வு. அறிக்கையில் இதைவிடக் கனமான பகுதி வேறில்லை. அது அதிகம் பேசப்படவும் இல்லை.

கேள்வி கேட்கும் சாதாரண மனிதருக்கு இந்தச் சண்டையில் என்ன நேர்கிறது என்பதை 2016 மே மாதம் காட்டியது. பட்ஜெட் வந்த சில நாளில், குறைந்த வருமானக்காரர் ஒருவர், வசதியானவர்களுக்கு வரிச்சலுகை தரும்போது என் வரிவிலக்கு வரம்பை ஏன் உயர்த்தவில்லை என்று உதவிக் கருவூல அமைச்சர் கெல்லி ஓ'டையரிடம் கேட்டார். ஓ'டையரின் பதிலில் 6,000 டாலர் விலையுள்ள ரொட்டி வாட்டும் இயந்திரம் ஒன்று வந்துசேர, அது கேலிக்குள்ளானது. சில நாளில் நாளிதழ்கள் கேள்வி கேட்டவரின் குடும்பத்தையும் பழைய குற்றப் பதிவையும் தோண்டி எடுத்துப் போட்டன. அவருக்காக மக்கள் இணையத்தில் நிதி திரட்டியதும் நடந்தது. வரிவிலக்கு வரம்பு பற்றிய கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவில் மறைந்தே போனது.

டோனி ஜோன்ஸ் 2019 முடிவில் விலகினார். அந்த ஆண்டு நவம்பரில், பெண்ணியவாதிகள் மட்டுமே அமர்ந்த ஒரு சிறப்பு நிகழ்ச்சியில் வன்முறையை ஆதரிப்பது போன்ற பேச்சுகளும் வசைச் சொற்களும் வந்ததாகப் புகார்கள் குவிய, ஏபிசி அதை இணையத்திலிருந்து நீக்கிவிட்டது. 2020-ல் ஹேமிஷ் மெக்டொனால்ட் வந்தார், மறு ஆண்டே போனார். திங்கள் இரவிலிருந்து வியாழனுக்கு மாற்றியதில் பார்வையாளர்கள் குறைந்தார்கள். 2022 மார்ச்சில் உக்ரைன் போர் பற்றிய நிகழ்ச்சியில், ரஷ்யத் தரப்பை ஆதரித்துக் கேள்வி கேட்ட ஒருவரை, அப்போது நெறியாளராக இருந்த ஸ்டான் கிராண்ட் அரங்கை விட்டு வெளியேறச் சொன்னார். மல்லாவைப் பேசவிட்டது தவறு என்று ஏழாண்டுக்கு முன் சொன்னவர்களும், எவரையும் பேசவிட வேண்டும் என்றவர்களும் இம்முறை இடம் மாறி நின்றார்கள்.

கிராண்ட் விராட்ஜுரி பழங்குடியைச் சேர்ந்தவர். 2023 மே மாதம் மூன்றாம் சார்லஸ் மன்னரின் முடிசூட்டு விழா நாளில் ஏபிசி நடத்திய விவாதத்தில், பழங்குடியினர் மீது பிரிட்டிஷ் முடியாட்சி இழைத்த கொடுமைகளைப் பற்றிப் பேசினார். கொண்டாட்ட நாளில் இதற்கு என்ன அவசியம் என்று 1,800-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. புகார்களை விசாரிக்க 2022-ல் ஏபிசி உருவாக்கியிருந்த குறைதீர்ப்பாளர் பதவியில் இருந்தவர், நெறிமீறல் ஏதும் இல்லை என்று முடிவுசெய்தார். ஆனால் கிராண்ட் மேல் கொட்டிய இனவெறி வசைகளுக்கு விசாரணை முடிவால் என்ன செய்ய முடியும்? அந்த மே மாதமே அவர் நிகழ்ச்சியிலிருந்து விலகினார், நிறுவனம் தனக்கு ஆதரவாகப் பேசவில்லை என்ற வருத்தத்தையும் பதிவுசெய்துவிட்டு. அவர் இடத்துக்கு பாட்ரிசியா கார்வெலாஸ் வந்தார்.

2025 ஜூனில், 18 பருவங்களுக்குப் பிறகு, நிகழ்ச்சியை நிறுத்துவதாக ஏபிசி அறிவித்தது. அரசின் அழுத்தம் காரணமில்லை. அப்போது ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி. பார்வையாளர்கள் வேறு திரைகளுக்குப் போய்விட்டார்கள் என்பதும், மக்களோடு பேச புதிய வழி தேவை என்பதும் நிர்வாகம் சொன்ன காரணங்கள். 2025 தேர்தலில் நடத்திப் பார்த்த 'யுவர் சே' என்ற திட்டத்தை விரிவாக்கப்போவதாகவும் சொன்னது. அதில் மக்கள் தங்கள் கவலைகளையும் கேள்விகளையும் எழுதி அனுப்புவார்கள், செய்தியாளர்கள் அவற்றைத் தேடிப் போவார்கள். குழுவும் இல்லை, அரங்கும் இல்லை. யார் எந்தக் கட்சி என்று திரையில் எழுத வேண்டிய தேவையும் இல்லை.

(தொடரும்)